ராமநகரத்துப் பாறைகளில் பாறுகளைக் காண ஒரு நாள்: புதியவர்களுக்கான வழிகாட்டி

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ராமநகரம் இருக்கிறது. ஊரை நெருங்கும்போதே சாலையின் இருபுறமும் மொட்டைப் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்பதைக் காணலாம். குளோஸ்பெட் கிரானைட் என்று புவியியலாளர்கள் அழைக்கும் இந்தப் பாறைகளுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். குன்றுகளில் ஒன்றான ராமதேவர பெட்டாவையும் அதைச் சுற்றியுள்ள சுமார் 346 ஹெக்டேர் நிலத்தையும் கர்நாடக அரசு 2012ஆம் ஆண்டு பாறுகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. பிணந்தின்னிக் கழுகுகள் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பாறுகளுக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுதான்.

தமிழ்நாட்டிலும் பாறுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் முக்கியமான வாழிடமான மாயாற்றுப் பள்ளத்தாக்கு முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் இருப்பதால், நினைத்த நாளில் ஒருவர் அங்கே நடந்து சென்று கூடுகளைப் பார்க்க முடியாது. முடியாமல் இருப்பதே அப்பறவைகளுக்கு நல்லது. ராமதேவர பெட்டாவின் நிலை வேறு. மலைமேல் கோயில் இருப்பதால் அங்கே மக்கள் நெடுங்காலமாகவே போய் வருகிறார்கள். கோயிலுக்கு ஏறும் படிகளில் நின்றபடியே எதிர்ப்பக்கத்துச் செங்குத்துப் பாறைகளைப் பார்க்கலாம். பெங்களூரிலும் ஓசூரிலும் வாழும் தமிழர்கள் விடியற்காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தொலைவு இது. இதுவரை பைனாகுலரையே தொட்டிராத ஒருவர் அந்த ஒரு நாளை எப்படித் திட்டமிட வேண்டும், பாறையில் எங்கே பார்க்க வேண்டும், எங்கே நின்றுவிட வேண்டும் என்பவற்றை இந்தக் கட்டுரை வரிசையாகச் சொல்கிறது.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கு மிஞ்சியிருக்கும் பாறுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நாள் முழுவதும் காத்திருந்தும் ஒன்றுகூடத் தென்படாமல் போகலாம். அதை ஏற்றுக்கொண்டு போகிறவர்தான் அமைதியாக உட்காருவார். எப்படியும் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்புகிறவர் பாறையை நெருங்கி, கூட்டில் இருக்கும் பறவையைக் கலைத்துவிடுவார்.

எந்தப் பறவையைத் தேடுகிறோம்

வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டிய முதல் வேலை, பறவைகளை அடையாளம் காணப் பழகுவது. ராமநகரத்தில் நாம் முக்கியமாகத் தேடுவது கருங்கழுத்துப் பாறு. மரத்தில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறுவைப் போலன்றி, இது செங்குத்தான பாறையின் திட்டுகளிலும் விளிம்புகளிலும் கூடு வைக்கிறது. அதனாலேயே இத்தகைய குன்றுகள் அதற்குத் தேவைப்படுகின்றன. 5 முதல் 6 கிலோ வரை எடையும், விரித்த சிறகுகளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 2 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட பெரிய பறவை இது. உடல் வெளிர்ப் பழுப்பு. தலையும் நீண்ட கழுத்தும் ஏறக்குறைய இறகற்றுக் கறுத்திருக்கும். கழுத்தின் அடியில் வெண்ணிறத் தூவிகள் வளையமாகச் சூழ்ந்திருக்கும். தொடைகளை வெண்ணிற இறகுகள் அடர்த்தியாக மூடியிருக்கும். வளர்ந்த பறவையின் அலகு நீண்டு, வெளிறிய நிறத்தில் இருக்கும். இளம் பறவையின் அலகு கருமையாகவும், தலையும் கழுத்தும் வெளிர்த் தூவி போர்த்தியதாகவும் இருக்கும்.

இரண்டாவது, மஞ்சள் முகப் பாறு. இது உருவத்தில் மிகச் சிறியது. பருந்தைவிடச் சற்றே பெரியது என்று சொல்லலாம். உடல் அழுக்கு வெள்ளை, சிறகின் பின்பாதி கறுப்பு, முகம் இறகின்றி மஞ்சளாக இருக்கும். வால் ஆப்பு வடிவில் முடியும். செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்தில் நண்பகல் பூசைக்குப் பிறகு குருக்கள் கையால் அமுது வாங்கி உண்ட பறவைகள் இவைதான். தொண்ணூறுகளின் இறுதிக்குப் பிறகு அவை அங்கே வருவதில்லை. அந்தக் கோயிலுக்குச் சென்று வெறும் வானத்தைப் பார்த்துத் திரும்பிய தலைமுறைக்கு, அதே பறவையை இன்னொரு பாறைக் குன்றில் காண வாய்ப்பு இருக்கிறது என்பது சிறிய செய்தியன்று.

இவ்விரண்டோடு வேறு பறவைகளையும் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில், முதன்முறை வருகிறவர்கள் பாறு என்று நினைத்து வியக்கும் பறவை பெரும்பாலும் கரும்பருந்தாகவே இருக்கும். கரும்பருந்தின் வால் நடுவில் பிளவுபட்டிருக்கும். பறக்கும்போது அந்த வாலை இடமும் வலமுமாக ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்கும். செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை, மற்றவை செங்கற்பழுப்பு. கழுகுகளுக்குத் தலை நன்றாக முன்னே துருத்திக்கொண்டு தெரியும்; வாலும் நீளம். பாறு பறக்கும்போது கழுத்தை உள்ளிழுத்துக்கொள்வதால், அந்தப் பெரிய உடலுக்குத் தலை மிகச் சிறியதாகத் தோன்றும்; வால் குட்டையாக இருக்கும்; சிறகு அகலமாகவும், நுனி இறகுகள் விரல்களாகப் பிரிந்தும் இருக்கும். சிறகடிப்பதே அரிது. ஓர் அகலமான பலகையை யாரோ வானில் மெல்ல நகர்த்துவதுபோல அது வட்டமிடும். அந்த அசைவை ஒருமுறை கண்டுவிட்டால், அதன் பின் பருந்தை யாரும் பாறு என்று எண்ணுவதில்லை.

எந்த மாதம், எந்த நாள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை உள்ள காலமே புதியவர்களுக்கு ஏற்றது. வானம் தெளிவாக இருக்கும். பாறை தாங்க முடியாத அளவுக்குச் சூடேறாது. கருங்கழுத்துப் பாறு முட்டையிட்டு அடைகாக்கும் பருவமும் அதுவே என்பதால், பெற்றோரில் ஒன்று கூட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். அதே காரணத்தால், அந்த மாதங்களில்தான் நாம் கூடுதல் கவனத்தோடும் நடந்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ 50 நாட்கள் அடைகாக்கின்றன. குஞ்சு பறக்கத் தொடங்க மேலும் மூன்று மாதங்களுக்கு மேல் ஆகிறது. இடையில் ஒருமுறை கூடு கலைந்தாலும், அந்த இணையின் ஓராண்டு உழைப்பு முழுவதும் போய்விடும்.

ஏப்ரல், மே மாதங்களில் காலை 10 மணிக்கே பாறை கொதிக்கத் தொடங்கிவிடும். பருவமழை மாதங்களில் மேகமூட்டம் இருந்தால் வெப்பக்காற்று எழாது. பாறுகள் பறக்காமல் அமர்ந்தே இருக்கும், மூடுபனியில் அவற்றைப் பார்ப்பதும் கடினம். படிகளும் வழுக்கும்.

வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோயில் விழா நாட்களிலும் கூட்டமும் சத்தமும் மிகுதியாக இருக்கும். ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தாலும் செவ்வாயோ புதனோ போவதற்கு ஈடு இல்லை. சரணாலயம் வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. நுழைவு நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை, சிறுத்தையோ கரடியோ நடமாடினால் சில நாட்கள் மூடிவிடுவதும் உண்டு. எனவே கிளம்புவதற்கு முந்தைய நாள், அன்றைய நிலவரத்தை ராமநகரம் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கையில் இருக்க வேண்டியவை

முதல் பயணத்துக்கு 8x42 அல்லது 10x42 அளவுள்ள பைனாகுலர் போதும். முதல் எண், பொருள் எத்தனை மடங்கு நெருங்கித் தெரியும் என்பதையும், இரண்டாவது எண், முன்பக்க வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கிறது. கடைக்காரர் 20 மடங்கு, 30 மடங்கு என்று ஆசை காட்டினால் வாங்காதீர்கள். கையில் பிடித்துப் பார்க்கும்போது அந்தப் பெருக்கத்தில் கையின் சிறு நடுக்கமும் பெரிதாகி, எதுவும் தெளிவாகத் தெரியாது. வாங்கிய பைனாகுலரை உங்கள் கண்ணுக்கு ஏற்ப ஒருமுறை சரிசெய்துகொள்ள வேண்டும். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் மட்டும் ஏதேனும் தொலைவிலுள்ள பெயர்ப்பலகையைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகே இருக்கும் சிறிய வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாததாலேயே பலர், பைனாகுலரில் பார்த்தால் தலை வலிக்கிறது என்று அதை அலமாரியில் பூட்டி வைத்துவிடுகிறார்கள்.

பாறுகள் அமரும் பாறைகள் சில நூறு மீட்டர் தொலைவில் இருப்பதால், முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் கிடைத்தால் அனுபவமே வேறாகிவிடும். அதன் விலை அதிகம். புதியவர்கள் வாங்க வேண்டியதில்லை. பெங்களூரில் பறவை நோக்கும் குழுக்கள் பல உள்ளன. அவற்றில் ஒன்றோடு சேர்ந்து சென்றால் யாரேனும் ஒருவரிடம் ஸ்கோப் இருக்கும், முறைவைத்து எல்லோரும் பார்க்கலாம். முதல் பயணத்தைப் பழகிய ஒருவரோடு மேற்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

மற்றபடி, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், அகலமான விளிம்புள்ள தொப்பி, நல்ல பிடிப்புள்ள காலணி, பழமும் கடலையும் போன்ற எளிய உணவு, ஒரு குறிப்பேடு, பென்சில். உடை பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை போன்ற நிறங்களில் இருக்கட்டும். நறுமணத் தைலம் எதுவும் பூசிக்கொள்ள வேண்டாம். இதற்குப் பறவைகள் காரணமல்ல. இந்தப் பாறைகளில் மலைத்தேனீக்கள் பெரிய பெரிய அடைகள் கட்டியிருக்கும். கடும் மணமும் புகையும் அவற்றைச் சீண்டும். ஒரு குழுவே தேனீக்களிடம் சிக்கி மருத்துவமனைக்குப் போக நேரலாம் என்பதால் புகைபிடிப்பதும் தீ மூட்டுவதும் அறவே கூடாது. உணவை மூடிய பையில் வையுங்கள். படிகளில் இருக்கும் குரங்குகள் கையில் தொங்கும் நெகிழிப் பையைக் கண்டால் விடுவதில்லை.

போய்ச் சேருதல்

ரயிலில் வருவதே எளிது. பெங்களூர்–மைசூர் தடத்தில் ஓடும் பயணிகள் ரயில்கள் ராமநகரம் நிலையத்தில் நிற்கின்றன. அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் மலையடிவாரம். மைசூர் சாலைப் பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்துகளும் அடிக்கடி உண்டு. இருசக்கர வாகனத்தில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் மாதத்திலிருந்து பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதி இல்லை. பிடதி வழியாகச் செல்லும் பக்கச் சாலையில்தான் வர வேண்டும். காரில் வருகிறவர்களுக்கும் அந்தப் பக்கச் சாலையே பொருத்தம், ஏனெனில் விரைவுச்சாலை ராமநகரத்தைத் தொடாமல் வெளியே சுற்றிச் சென்றுவிடுகிறது. ஓசூரிலிருந்து வருவோர் எலக்ட்ரானிக் சிட்டி அருகே நைஸ் சாலையில் ஏறினால், நகர நெரிசலில் சிக்காமல் மைசூர் சாலையை அடையலாம். வழியில் பிடதியில் தட்டை இட்லி புகழ்பெற்றது. மலையில் உணவகம் ஏதும் இல்லாததால் காலை உணவை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஊருக்குள் வழி கேட்கும்போது ராமதேவர பெட்டா என்று கேளுங்கள். கன்னடத்தில் பாறுவை ரணஹத்து என்பார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் ஆட்டோ ஓட்டுநருக்கும் நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பது புரிந்துவிடும். வாயிலில் கட்டணம் செலுத்தி, வனக் காவலரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். இன்று எந்தப் பக்கத்தில் பாறு அமர்ந்திருந்தது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

பாறையைப் பார்க்கும் முறை

பாறுகளின் நாள் வெயிலோடு தொடங்குகிறது. விடிந்ததும் அவை பறப்பதில்லை; பாறை விளிம்பில் அமர்ந்து சிறகுகளை விரித்து வெயில் காய்கின்றன. கனத்த உடலைச் சிறகடித்தே உயரே கொண்டுசெல்வது அவற்றுக்குப் பெருஞ்செலவு. ஆகவே பாறையும் நிலமும் சூடேறி, அதன் மேலுள்ள காற்று வெப்பமடைந்து எழும்வரை காத்திருக்கின்றன. வழக்கமாகக் காலை 9 மணிக்கு மேல் அந்த வெப்பக்காற்றில் ஏறி, இரை தேடிப் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்விடுகின்றன. மாலையில், காற்று அடங்குவதற்கு முன் திரும்புகின்றன. இதிலிருந்து நமக்குக் கிடைப்பவை இரண்டு பொழுதுகள்: வாயில் திறந்ததிலிருந்து காலை 11 மணி வரை ஒன்று, பிற்பகல் மூன்றரை மணியிலிருந்து வாயில் மூடும் வரை மற்றொன்று.

உள்ளே நுழைந்ததும் படியேறத் தொடங்காதீர்கள். அடிவாரத்திலேயே, சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி ஓரிடம் தேர்ந்து உட்காருங்கள். வெறுங்கண்ணால் எதிரிலுள்ள பாறைமுகம் முழுவதையும் முதலில் பாருங்கள். நீங்கள் தேட வேண்டியது பறவையை அன்று, வெள்ளைத் தடத்தை. ஆண்டுக்கணக்காக ஒரே திட்டில் அமர்ந்து எச்சமிடுவதால், அதற்குக் கீழே பாறையில் சுண்ணாம்பு வழிந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் இறங்கியிருக்கும். மழைநீர் வடிந்த கறுப்புக் கோடுகள் பாறை உச்சியிலிருந்து தொடங்கும். எச்சத் தடமோ பாறையின் நடுவில், ஒரு திட்டுக்கோ பொந்துக்கோ நேர் கீழே தொடங்கும். வல்லூறுகள் அமரும் இடத்திலும் இத்தகைய தடம் உண்டு, ஆனால் அது குறுகலாக இருக்கும்.

தடத்தைக் கண்டபின் பைனாகுலரை எடுத்து, அதன் மேல்முனைக்குக் கொண்டுசெல்லுங்கள். திட்டின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை மெதுவாக நகருங்கள். ஒவ்வோர் இடத்திலும் பத்து நொடியாவது நிலைகொள்ளுங்கள். அமர்ந்திருக்கும் பாறுவின் வெளிர்ப் பழுப்பு கிரானைட்டின் நிறத்தோடு அப்படியே கலந்துவிடும். அசையாத ஒரு கல் என்று நீங்கள் கடந்துபோன உருவம், சற்று நேரத்தில் கழுத்தை நீட்டித் தன் தோளிறகைக் கோதத் தொடங்கும். அப்போதுதான் கறுத்த கழுத்தும், அதன் அடியிலுள்ள வெண்தூவி வளையமும், அலகின் வெளிறிய வளைவும் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். ஸ்கோப்பில் பார்த்தால், கழுத்துத் தோலில் அங்கங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய தூவிகள் காற்றில் அசைவதும், அது ஒவ்வோர் இறகாக அலகுக்கு நடுவே இழுத்துச் சீராக்குவதும் தெரியும். பிணம் தின்பது என்பதால் அதை அழுக்கான பறவை என்று எண்ணுகிறவர்கள் அந்தக் காட்சியை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். உடலின் தூய்மைக்கு இவ்வளவு நேரம் செலவிடும் பறவைகள் குறைவு.

உடன் வந்தவருக்கு இடம் காட்டும்போது கையை நீட்டி ஆட்டிக் கத்துவதைத் தவிர்த்துவிடுங்கள். "வெள்ளைத் தடத்துக்கு மேலே, இரண்டாவது பிளவு, அதற்கு வலப்பக்கம் தனியாக நிற்கும் புதர், அதன் அடியில்" என்று பாறையிலுள்ள அடையாளங்களை வரிசையாகச் சொன்னால் அவர் விரைவில் கண்டுகொள்வார்.

அரை மணி நேரம் அடிவாரத்தில் செலவிட்ட பிறகு படியேறலாம். பாறையில் வெட்டிய சில நூறு படிகள். மேலே பட்டாபிராமர் கோயில். முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு குழந்தைகளோடு வந்தவர்களும் ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை. பாறுகளைப் பார்க்க அடிவாரமே போதுமானது. ஏறுகிறவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பாருங்கள், ஏனெனில் கீழிருந்து மறைந்திருந்த திட்டுகள் மேலே செல்லச் செல்லத் தெரியத் தொடங்கும். 9 மணிக்கு மேல் பாறையைவிட வானத்தையே அதிகம் கவனியுங்கள். பாறு மேலெழும்பும்போது சில வேளைகளில் நம் கண்மட்டத்துக்கு நேராகவே கடந்து செல்லும். அப்போது சிறகின் அடிப்புறத்தைப் பாருங்கள்: உடலும் சிறகின் முன்பகுதியும் வெளிறியும், பறப்பிறகுகள் கறுத்தும் இருந்தால் அது கருங்கழுத்துப் பாறு. சிறகின் முன்பகுதி பளிச்சென்ற வெள்ளையாகவும், உடல் கறுத்தும், முதுகின் கீழ்ப்பகுதியில் வெண்திட்டும் இருந்தால் வெண்முதுகுப் பாறு. இங்கே அது அரிதினும் அரிது என்பதால், படம் எடுக்க முடிந்தால் எடுத்துக்கொண்டு பழகியவர்களிடம் காட்டி உறுதிசெய்யுங்கள்.

நடுப்பகல் வெயிலில் பாறுகள் இல்லாத நேரத்தை, நிழலுள்ள புதர்களின் ஓரம் செலவிடுங்கள். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னான் இங்கே இருக்கிறது. அதுவும் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் பறவைதான். அதை மட்டுமே காண வெளிமாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் உண்டு. பாறை இடுக்குகளில் தகைவிலான்களும் உழவாரன்களும் விரைவதையும், பொரி வல்லூறு அவற்றைத் துரத்துவதையும் காணலாம்.

எங்கே நின்றுவிட வேண்டும்

படிகளையும் பாதையையும் விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது என்பதே இங்குள்ள முதல் விதி. பாறை ஏறுபவர்களுக்கு ராமநகரம் நெடுநாளாகப் பிடித்த இடம்; ஆனால் கூடு இருக்கும் பாறையின் உச்சியில் ஒருவர் தலை தெரிந்தாலும் கீழே அடைகாக்கும் பறவை எழுந்துவிடக்கூடும். வெயிலில் விடப்பட்ட முட்டை சிறிது நேரத்திலேயே கெட்டுவிடும். பாறு உங்களையே உற்றுப் பார்க்கத் தொடங்கினாலோ, கழுத்தை நீட்டி இங்குமங்கும் திருப்பினாலோ, பாறை விளிம்புக்கு நகர்ந்தாலோ, நீங்கள் நெருங்கக்கூடிய எல்லையைக் கடந்துவிட்டீர்கள் என்று பொருள், ஓசையின்றிப் பின்வாங்குங்கள். ட்ரோன் பறக்கவிடக் கூடாது. பாட்டு போடுவது, கூவுவது, எதிரொலி கேட்கக் கைதட்டுவது, பறப்பதைப் படமெடுக்கக் கல்லெறிவது ஆகிய எவையும் கூடாது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற பறவைகள் இவை. அச்சட்டப்படி இவற்றைத் துன்புறுத்துவது குற்றம்.

படம் எடுத்தால், கூடு எந்தப் பாறையில் எந்தத் திட்டில் இருக்கிறது என்று தெரியும்படி சமூக ஊடகங்களில் வெளியிட வேண்டாம். கைபேசிப் படத்தோடு இடக்குறிப்பும் பதிவாகும். அதை நீக்கிவிட்டு வெளியிடுங்கள். மாலையில் வாயில் மூடும் நேரத்துக்கு முன்பாகவே இறங்கிவிடுவது உங்கள் நன்மைக்கும்தான், இங்கே கரடிகளும் சிறுத்தைகளும் நடமாடத் தொடங்கும் நேரம் அது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கிறவர்களுக்குப் பாறுகளின் அண்மைக்கால வரலாறே விடை. எண்பதுகளில் இந்தியாவில் இவை கோடிக்கணக்கில் இருந்தன என்று கருதப்படுகிறது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு 999 என்ற அளவிலும், கருங்கழுத்துப் பாறு உள்ளிட்ட இனங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 97 என்ற அளவிலும் அழிந்துபோயின. மாடுகளின் வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்தே காரணம் என்பது 2004இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. மருந்து கொடுத்த சில நாட்களுக்குள் இறந்த மாட்டைத் தின்னும் பாறுவின் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளைப் படிவமாகப் படிந்து, அது இறந்துவிடுகிறது. கூட்டமாக உண்ணும் பறவை என்பதால் ஒரே ஒரு சடலம் பல பறவைகளைக் கொன்றுவிடும். மொத்தச் சடலங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே இந்த வீழ்ச்சிக்குப் போதும் என்பது கணக்கிடப்பட்டிருக்கிறது.

2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2015இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய இரண்டும் 2023இல் தடைசெய்யப்பட்டன. மெலாக்சிகம் என்ற மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை. மாட்டுக்கும் அது நன்றாகவே வேலை செய்கிறது. உங்கள் வீட்டிலோ ஊரிலோ மாடு வளர்க்கிறவர்கள் இருந்தால், கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரு பாறு இரை தேடி நூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்து போகக்கூடியது என்பதால், சரணாலயத்தின் எல்லைக்கு வெளியே, ஓசூரிலோ கனகபுராவிலோ ஒரு மாட்டுக்குப் போடும் ஊசி இந்தப் பாறைத் திட்டில் இருக்கும் குஞ்சைப் பட்டினி போடக்கூடும். சரணாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் செலுத்துவதைவிட இந்த ஒரு பேச்சு பெரிய உதவி என்பது என் உறுதியான எண்ணம்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, அன்று கண்டதை எழுதிவிடுங்கள். பாறுவின் இனம், எண்ணிக்கை, வளர்ந்ததா இளையதா, கண்ட நேரம், என்ன செய்துகொண்டிருந்தது, எந்தத் திசையில் பறந்து போனது ஆகியவை போதும். ஒரே பறவை திரும்பத் திரும்ப வட்டமிட்டிருக்கலாம் என்பதால், ஒரே நேரத்தில் சேர்ந்து கண்ட அதிகபட்ச எண்ணிக்கையையே எழுதுங்கள். ஒன்றும் தென்படவில்லை என்றால், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை பார்த்தீர்கள், வானிலை எப்படியிருந்தது என்பதோடு அதையும் எழுதுங்கள். பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் ஈபேர்டு இணையதளத்தில் பட்டியலாகப் பதிவேற்றினால், இந்தக் குன்றில் பாறுகள் எந்த மாதம் இருந்தன, எப்போது இல்லாமல் போயின என்று தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு அந்த வெறும் பட்டியலும் பயன்படும்.

கண்ட பறவையின் சிறகில் வண்ணப் பட்டையோ, காலில் வளையமோ, முதுகில் சிறிய கருவியோ தெரிந்தால் அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். காப்பகங்களில் வளர்த்து விடுவிக்கப்படும் பாறுகளுக்கு அவை பொருத்தப்படுகின்றன. 2024இல் மகாராட்டிரத்தின் தடோபா பகுதியில் விடுவிக்கப்பட்ட ஒரு வெண்முதுகுப் பாறு பல மாநிலங்களைக் கடந்து தமிழ்நாடு வரை வந்து சேர்ந்தது. எனவே எங்கே விடப்பட்ட பறவையும் எங்கேயும் தென்படலாம். பட்டையின் நிறம், அதிலுள்ள எழுத்தும் எண்ணும், எந்தச் சிறகில் இருந்தது என்பவற்றை எழுதி, தெளிவற்றதாயினும் படம் இருந்தால் அதையும் சேர்த்து, கீழே இறங்கியதும் வாயிலில் இருக்கும் வனக் காவலரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பறக்க முடியாமல் தரையில் உட்கார்ந்திருக்கும் பாறுவைக் கண்டாலும் அவரிடமே சொல்லுங்கள். நீங்களாக அதற்குத் தண்ணீரோ இறைச்சியோ கொடுக்க முயல வேண்டாம். கையால் தூக்கவும் வேண்டாம். காவலர் வந்து சேரும்வரை நாய்களும் மனிதர்களும் நெருங்காமல் எட்டி நின்று பார்த்துக்கொண்டால் போதும்.